சோளக்கொல்லையில் இறங்கிய வீடு

வீடு கிளம்பிப் போனபோது நெல்சி தேவாலயக் கூடத்து வாசற்படியில் நின்று மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாளாக மேற்கே, கிழக்கே, எங்கும் மழை. இரண்டு நாட்டுக்கு எல்லையாக ஓடும் உருகுவாய் ஆறு முதல் நாள் படகுத்துறையை விழுங்கியது. இரண்டாம் நாள் துறைக்குப் பக்கத்திலிருந்த மதுக்கடையை விழுங்கியது. மூன்றாம் நாள் காலையில் நெல்சியின் வீட்டுக் கல்தூண்களைத் தாண்டித் தரைப்பலகையை முட்டியது. வீடு ஒருமுறை உடம்பை உலுக்கிக்கொண்டது, அடைகாத்து எழுந்திருக்கும் கோழி மாதிரி. பிறகு மெல்லத் தூண்களைவிட்டு எழுந்து, நிதானமாக அரைவட்டம் சுற்றி, வாசலை நீரோட்டத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போய்விட்டது. சமையலறை ஜன்னலில் திரை வெளியே பறந்து, ஊருக்கெல்லாம் டாட்டா காட்டியது.

கூடத்தில் ஒண்டியிருந்த பெண்கள் ஓடிவந்து நெல்சியைக் கட்டிக்கொண்டார்கள். நெல்சி மேலங்கியின் நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "பாவம், அழுது தீக்கட்டும்" என்றார்கள்.

அவள் அழவில்லை. சிரிப்பு வந்து தொலைத்துவிட்டது. அதை மறைக்கத்தான் முகத்தைப் பொத்தினாள்.

இருபத்தாறு வருஷம். கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மேட்டுக்குப் போய்விடலாம். அவள் புருஷன் அர்லிந்தோ தச்சன். அந்த வீட்டை ஓர் ஆணிகூட அடிக்காமல், மர ஆப்பு இறக்கியே கட்டியவன். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. "ஆறு வரும், போகும். வீடு நிக்கும்." இந்தத் தடவை ஆறு போனபோது வீட்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அர்லிந்தோ செருப்பில்லாமல் கரையோரமாகவே ஓடினான். சேறு இடுப்புவரை வந்து இழுத்துப் பிடித்தபிறகுதான் நின்றான். திரும்பி வந்தவன் கூடத்தின் மூலையில் உட்கார்ந்தான். இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. நெல்சிக்குப் பரிதாபமாக இருந்தது. சூப்பு கொண்டுவந்து கொடுத்தாள், போர்வை போர்த்திவிட்டாள். இதற்கிடையில் நகராட்சியிலிருந்து ஆள் வந்து, வீடு இழந்தவர்களுக்கு மேட்டில், பஸ் போகும் சாலையோரம் மனை தருவதாகச் சொன்னான். புருஷன் பெண்டாட்டி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நெல்சி முதல் ஆளாகப் படிவம் வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் துக்கம் கொஞ்சம் ஆறட்டும், பிறகு கேட்கலாம் என்று இருந்தாள்.

வீடு போன மூன்றாம் நாள் மதியம் அக்கரை வானொலி பேசியது.

"பச்சை வண்ணம் அடித்த மரவீடு ஒன்று, பாசோ நரங்ஹோ கிராமத்துக்குக் கீழே, டோன்யா எத்தெல்வினா சர்சா அம்மாளின் சோளக்கொல்லையில் இறங்கியிருக்கிறது. ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. உரியவர் வந்து பார்த்துக்கொள்ளவும். உள்ளே ஒரு கோழியும் இருக்கிறது. நலமாக இருக்கிறது."

அர்லிந்தோ துள்ளி எழுந்தான். "கேட்டியா கிழவி? கண்ணாடிகூட உடையலையாம்!"

"கேட்டேன், கிழவா" என்றாள் நெல்சி. இடுப்பிலிருந்த படிவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

படகு இன்னும் ஓடத் தொடங்கவில்லை. யாரிடமோ தோணி கேட்டு வாங்கி, சுழலையும் மிதக்கும் மரங்களையும் ஒதுக்கி, அவன் ஆற்றைக் குறுக்கே கடந்து அர்ஜென்டினாக் கரையில் ஏறிவிட்டான். அன்று திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. அவன் போன ஐந்தாம் நாள் ஒரு மீனவன் மூலமாகச் செய்தி வந்தது: வீடு நல்லாயிருக்கு. படுக்கை விரிப்பு ரெண்டு கொண்டுவா.

நெல்சி விரிப்பு எடுத்துக்கொள்ளவில்லை. படிவத்தையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு முதல் படகில் ஏறினாள்.

அக்கரைத் துறையில் சுங்க அதிகாரி பெனித்தெஸ் ஒரு சின்ன மரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தான். அடர்ந்த மீசை, சலித்த கண்.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க, டோனா?"

"ஒண்ணுமில்ல. இங்கேருந்துதான் ஒண்ணு கொண்டுபோகணும். புருஷன்."

பெனித்தெஸ் நிமிர்ந்து பார்த்தான். "அந்த வீட்டுக்காரர் சம்சாரமா நீங்க? வாங்க, உக்காருங்க. என் தூக்கமே போச்சு உங்களால." ஒரு தடித்த பதிவேட்டை இழுத்துத் திறந்தான். "நாட்டுக்குள்ள ஒரு பொருள் வந்தா எழுதியாகணும். கொண்டுவந்தவர் பேர்னு ஒரு கட்டம் இருக்கு. ஆறுன்னு எழுதி அனுப்புனேன். மேலதிகாரி திருப்பி அனுப்பிட்டார். ஆத்துக்கு அடையாள அட்டை எண் எங்கேன்னு கேக்குறார்."

"சரி, திருப்பி அனுப்பிடுங்களேன்."

"முழு வீடு போறதுக்கு எங்ககிட்ட படிவமே கிடையாது. கழட்டினா அது மரம். மரம்னா பூச்சி இருக்கான்னு சோதிக்கணும், முத்திரை வாங்கணும். ஆறு மாசம் ஆகும்."

"ஆறு மாசமா! ரொம்ப நல்லது" என்றுவிட்டாள் நெல்சி. அவன் மீசை ஆச்சரியத்தில் தூக்கிக்கொண்டதைப் பார்த்து, "ரொம்பக் கஷ்டம்னு சொல்ல வந்தேன்" என்று திருத்திக்கொண்டாள்.

புகையிலை ஏற்றிப்போன மாட்டுவண்டி ஒன்று அவளைக் கொல்லை முனையில் இறக்கிவிட்டது. முழங்கால் உயரச் சோளம் சேற்றில் படுத்துக் கிடந்தது. அதன் நடுவே அவள் வீடு, தொப்பியைச் சாய்த்து வைத்த குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து, நல்ல பச்சை நிறத்தில் நின்றது. ஜன்னல் கட்டையில் கோழி. வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

"நீதான் பெண்டாட்டியா?" என்றது ஒரு குரல். ஆண்கள் வைக்கும் தொப்பி, இடுப்பில் வெட்டரிவாள், அறுபது வயதிருக்கும் நெட்டையான பெண். "நான் எத்தெல்வினா. உன் புருஷன் என் சோளத்துல அஞ்சு வரிசையத் தின்னுட்டான். அவன் இல்ல, அவன் வீடு. ஆனா அவனும் நல்லாத்தான் தின்றான்."

நெல்சிக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

இருவரும் ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். எத்தெல்வினா கைக்கடக்கமான குடுக்கையில் மாத்தே ஊற்றிக் கொடுத்தாள். "உங்க கரையில இதையே வாளியில குடிப்பீங்களாமே?"

"எங்களுக்கு வாய் பெருசு."

"தெரியுது. உன் புருஷன் மூடவே மாட்டேங்குறான். காலையில நாலு மணிக்கு டொக்கு டொக்குன்னு ஆரம்பிச்சுடுறான். போன ஞாயித்துக்கிழமை மட்டும் நாப்பது பேர் வந்தாங்க வீட்டைப் பாக்க. ஒவ்வொருத்தனையும் உள்ள கூட்டிட்டுப் போயி, இது நான் இறக்குன ஆப்பு, இது நான் இழைச்ச பலகைன்னு காட்டுறான். கூட்டத்தைப் பாத்து என் பன்னி தீனியத் தொடல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நல்ல வேலைதான் அது. பொய் சொல்லக்கூடாது. என் வீட்டுல மகன், மருமக, நான், எல்லாருக்கும் ஒரே அடுப்பு. அவ உப்பு போடுவா. நான் பாக்காம இன்னொருதரம் போடுவேன். சாப்பிடுறவன் கதி அவ்வளவுதான். உன் வீட்டைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது."

வரிசை கலைந்தபிறகு நெல்சி உள்ளே போனாள். அர்லிந்தோ முகமெல்லாம் பல்லாக அவள் கையைப் பிடித்து இழுத்தான். ஷேவ் செய்யாத தாடி, தலையில் மரத்தூள்.

"வா, வா. அலமாரியப் பாரு. ரெண்டு கோப்பைதான் போச்சு. கட்டில் அப்படியே இருக்கு. அடுப்பு ஒரு சாண் நகந்திருக்கு, அவ்வளவுதான். பதினோரு கிலோமீட்டர் கிழவி! எவன் கட்டின வீடு இப்படிப் போயிருக்கு?"

"இப்ப என்ன பண்ணப்போற?"

"எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். காலி பீப்பாய் முப்பது சேத்துக் கட்டணும் அடியில. அடுத்த வெள்ளம் வரட்டும். தானா எழும்பும். ரெண்டு மோட்டார் படகு வச்சு எதிர்நீரில இழுத்துட்டுப் போயி, நம்ம தூண் மேலேயே உக்கார வச்சிடுவேன்."

"அடுத்த வெள்ளம்" என்றாள் நெல்சி.

"ஆமா."

"அதே தூண் மேல."

"பின்ன?"

அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, படிவத்தை எடுக்கலாமா என்று யோசித்தபடி நின்றாள். எடுக்கவில்லை. வேறொன்று வாயிலிருந்து வந்துவிட்டது.

"வீடு போனப்ப நான் அழலை, அர்லிந்தோ. சிரிச்சேன்."

அவன் பல் மறைந்தது. "என்னது?"

"சிரிச்சேன். அப்பாடான்னு இருந்துச்சு. ஏழு வெள்ளம். ஏழு தடவை இந்தத் தரையில முட்டி போட்டுச் சேறு வழிச்சேன். அடுப்புக்குள்ளேருந்து பாம்பு எடுத்தேன். நம்ம பொண்ணு சின்ன வயசுல தேவாலயத்துல முதல் நன்மை வாங்கின போட்டோ கூழாப் போச்சு. ஒவ்வொரு தடவையும் நீ வெளிய நின்னுக்கிட்டு, பாத்தியா வீடு நிக்குதுன்னு சொல்லுவ. நானும்தான் நின்னேன். அதை யாரு பாத்தா?"

கோழி ஜன்னலிலிருந்து குதித்து வெளியே போயிற்று. அர்லிந்தோ சுவரிலிருந்த ஓர் ஆப்பைக் கட்டைவிரலால் தடவினான். இருந்த இடத்திலேயே நன்றாக இறங்கியிருந்த ஆப்புதான், தடவ ஒன்றும் இல்லை. பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டான்.

கடைசிப் படகு போனபிறகும் அவன் வரவில்லை. எத்தெல்வினா நெல்சிக்குத் தன் அறையில் படுக்கை போட்டுக் கொடுத்தாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் உண்மையாகவே இரண்டு உப்பு இருந்தது.

விடிந்ததும் நெல்சி போய்ப் பார்த்தாள். அர்லிந்தோ வீட்டு வாசலில், படியில்லாததால் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நகராட்சி ஆள் சொன்னானே, மேட்டு மனை. மண்ணு எப்படி?" என்றான், அவளைப் பார்க்காமல்.

"செம்மண். கெட்டியா இருக்கு."

"சமையல்கட்டு ஜன்னல் எந்தப் பக்கம் வேணும் உனக்கு?"

இருபத்தாறு வருஷத்தில் அவன் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "ரோட்டுப் பக்கம்" என்றாள்.

"ரோட்டுல என்ன இருக்கு? தூசி."

"மனுஷங்க இருக்காங்க. ஆத்தப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

அவன் கையை நீட்டினான். அவள் படிவத்தையும் பேனாவையும் கொடுத்தாள். தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். பேனா தாளைக் கொஞ்சம் கிழித்துவிட்டது.

பிறகு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தெல்வினாவிடம் போனான். "டோன்யா, வீட்டை நிமித்தித் தரேன். நீங்களே வச்சுக்கோங்க."

"சும்மா எதுவும் வாங்க மாட்டேன்" என்றாள் எத்தெல்வினா. "சும்மா வந்த வீட்டுல படுத்தா முதுகு வலிக்கும். நான் சொல்றதைக் கேளு. இந்தப் பள்ளத்துல வேண்டாம். ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் பின்னால மேட்டுல ஏத்திக் குடு. ஆறு அங்க எட்டாது. நேத்து உன் பெண்டாட்டி பேசினது என் காதுல விழுந்துச்சு. கதவு திறந்துதான இருந்துச்சு, என் தப்பு இல்ல. அதுக்குப் பதிலா, என் மகனும் அவன் மச்சான்மாரும் ஆறு பேர் உன் கரைக்கு வந்து புது வீடு கட்டிக் குடுப்பாங்க. வீடு ஆத்தத் தாண்டத்தான் படிவம் இல்ல. ஆள் தாண்ட இருக்கே."

அர்லிந்தோ நெல்சியைப் பார்த்தான். நெல்சி தலையாட்டினாள்.

மிச்சமிருந்தது பெனித்தெஸ். நெல்சியே போனாள்.

"சார், ஆத்துல மரம் மிதந்து வந்து ஒதுங்கினா உங்க சட்டத்துல என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம். கரை ஒதுங்கின மரம் எடுத்தவங்களுக்குச் சொந்தம். படிவம் கிடையாது."

"எத்தெல்வினா கொல்லையில ஒதுங்கியிருக்கிறதும் மரம்தானே? நான் நல்லாப் பாத்தேன். ஒரு ஆணிகூட இல்ல."

பெனித்தெஸ் மீசையைத் தடவினான். "கண்ணாடி ஜன்னலோடயா?"

"கொஞ்சம் செதுக்கின மரம்."

அவன் பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிழுத்து அடித்தான். அடித்துமுடித்து இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, நாற்காலியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

வீட்டை மேட்டுக்கு ஏற்றிய நாளில் சுற்றுவட்டாரமே வந்திருந்தது. மூன்று ஜோடி எருது, அடியில் உருட்டுக்கட்டைகள், இரண்டு பக்கமும் வடம் பிடிக்க ஆட்கள். அர்லிந்தோ முன்னால் நின்று குரல் கொடுத்தான். ஒரு கட்டை பின்னால் கழன்றதும் பையன்களும் பெண்களும் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிப் போட்டார்கள். வீடு அங்குலம் அங்குலமாக ஏறியது. எத்தெல்வினாவின் மருமகள் ஏற்கெனவே தன் பானைகளைக் கொண்டுபோய் உள்ளே அடுக்கிவிட்டிருந்தாள்; ஒவ்வோர் உலுக்கலுக்கும் அவை உள்ளே கலகலத்தன.

பாதி மேட்டில் இடதுபக்க வடம் அறுந்தது.

எருதுகள் முன்னங்கால் மடிந்து விழுந்தன. வீடு ஒரு முனகலோடு பின்னால் வழுக்கத் தொடங்கியது, நேராக ஆற்றைப் பார்த்து. ஆட்கள் அலறி விலகினார்கள். நெல்சியின் கையில் ஓர் உருட்டுக்கட்டை இருந்தது. என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்குள் அவள் குறுக்கே பாய்ந்து, கட்டையை அடிச்சட்டத்துக்குக் கீழே குறுக்காகத் திணித்துவிட்டுப் பக்கவாட்டில் உருண்டாள். வீடு அதில் ஏறி, ஒரு கணம் யோசித்து, நின்றது.

அர்லிந்தோ ஓடிவந்து அவளைத் தூக்கினான். முழங்கை தோல் உரிந்திருந்தது, பாவாடையெல்லாம் செம்மண். "பைத்தியமா உனக்கு? போனா போகட்டும்னு விட வேண்டியதுதான? நீதான சிரிச்ச?"

"கீழ மிச்ச சோளம் இருக்கே. அது நசுங்கிடுமேன்னுதான்" என்றாள் நெல்சி. மூச்சு இன்னும் வாங்கியது.

"சோளத்துக்காகவா?"

"வேற எதுக்கு?"

அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் சட்டை நுனியால் துடைத்தான், பலகையைத் துடைக்கும் பக்குவத்தில். எத்தெல்வினா தூரத்திலிருந்து கத்தினாள்: "கொஞ்சிக்கிறதெல்லாம் அப்புறம்! எருது எழுந்திரிச்சாச்சு!"

சாயங்காலம் வீடு மேட்டில், புதுக் கல்தூண்கள்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தது. அர்லிந்தோ நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தான். ஆட்டுக்கறி சுட்டார்கள். எத்தெல்வினாவும் மருமகளும் அன்றுமுதல் தனித்தனி அடுப்பு. முதல் ஞாயிற்றுக்கிழமையே மருமகள் மாமியாரை விருந்துக்குக் கூப்பிட்டாள். சாப்பாட்டில் உப்பே இல்லை என்று எத்தெல்வினா ஆள் அனுப்பி நெல்சிக்குச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து பாசோ நரங்ஹோவின் ஆட்கள் ஆறு பேர் காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்பினார்கள். சட்டம் எழுந்தது, சுவர் எழுந்தது, கூரைத் தகடு ஏறியது. சமையல்கட்டு ஜன்னல் சாலையைப் பார்த்து அமைந்தது. அகலமாக, இரண்டு பேர் முழங்கை ஊன்றி நிற்கிற மாதிரி. பஸ் ஓட்டுநர் தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடித்தான். நெல்சி கரண்டியை ஆட்டினாள்.

பக்கத்து மனைக்காரர்கள் வந்து பார்த்தார்கள், சுவரைத் தட்டினார்கள், போனார்கள். மறுவாரம் ஒருவர் வந்து தனக்கும் அதேபோல் ஒன்று வேண்டுமென்றார். அதற்கடுத்து இன்னொருவர். அக்கரையிலிருந்து பெனித்தெஸ்கூடச் சொல்லி அனுப்பினான், ஆணி இல்லாத ஒரு கொட்டகை கிடைக்குமா என்று. அர்லிந்தோ விடிவதற்குள் உளியை எடுத்துக்கொண்டு கிளம்பினான், இருட்டின பிறகு வந்தான். ஊர் முழுக்க அவன் கை பட்ட கதவுகளாக ஆயிற்று.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. நெல்சியின் சமையல்கட்டு அலமாரிக்கு மட்டும் கதவு இன்னும் வரவில்லை. "இந்த வாரம்" என்கிறான் அர்லிந்தோ. அவள் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து அதில் திரையாக மாட்டிவிட்டு, எத்தெல்வினாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், நல்ல தச்சன் யாராவது அந்தக் கரையில் இருந்தால் அனுப்பும்படி.